உயரும் ஜீப்புகளும் உயராத சட்டமும்

புதுதில்லி: தலைநகரின் மேற்கே மாயாபுரி, மையத்தில் கரோல் பாக், வடக்கே காஷ்மீரி கேட். பழைய உதிரிபாகத்திலிருந்து புத்தம் புதிய அலங்காரப் பொருள் வரை வாகனத்துக்குத் தேவையான எதையும் வாங்கக் கூடிய கடைவீதிகள் இவை. கோடை தொடங்கி இமாசலப் பிரதேசத்தின் மலைப்பாதைகள் திறக்கும் பருவத்தில் இங்கே ஒரு வேலைக்கு வரவேற்பு கூடிவிடுகிறது. ஷோரூமிலிருந்து வந்து சில மாதங்களே ஆன நான்கு சக்கர இயக்க ஜீப்புகளின் ஸ்பிரிங்குகள் மாற்றப்பட்டு, உடல் இரண்டு அங்குலமோ மூன்று அங்குலமோ உயர்த்தப்பட்டு, முரட்டுப் பற்கள் கொண்ட பெரிய டயர்கள் பொருத்தப்படுகின்றன.

அவ்வாறு உயர்த்தப்பட்ட வாகனங்களில் பெரும்பாலானவை, பட்டறையை விட்டுச் சாலைக்கு வரும் கணத்திலேயே மோட்டார் வாகனச் சட்டத்துக்கு முரணானவை ஆகிவிடுகின்றன என்பதை அவற்றின் உரிமையாளர்களில் பலர் அறிவதில்லை. அறிந்தவர்களுக்கும் முறையாக அனுமதி பெற வழி எது என்பது தெரிவதில்லை. அவர்களைக் குறை கூறவும் முடியாது. அப்படியொரு தெளிவான வழி இதுவரை வகுக்கப்படவில்லை.

2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இத்தகைய குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும் என்று தண்டனை விதிக்கிறது. ஸ்பிரிங் ஒரு மாற்றம், டயர் இன்னொரு மாற்றம் என்று ஓர் அதிகாரி கணக்கிடத் தொடங்கினால் தொகை எங்கே போய் நிற்கும் என்பது அந்த அதிகாரியின் மனநிலையைப் பொறுத்ததாகிவிடுகிறது.

டப்வாலியிலிருந்து தொடங்கிய பழக்கம்

ஜீப்பைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வது வட இந்தியாவுக்குப் புதிதல்ல. 1940-களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது. ராணுவம் கழித்து ஏலம்விட்ட ஜீப்புகள் பின்னர் சிவிலியன் சந்தைக்கு வந்தன. ஹரியாணாவின் சிர்சா மாவட்டத்தில், பஞ்சாப் எல்லையை ஒட்டி உள்ள மண்டி டப்வாலி, ஏலத்தில் வாங்கிய பாகங்களைக் கொண்டு திறந்த ஜீப்புகளை உருவாக்குவதற்கே பெயர் பெற்ற ஊர். விவசாயிகளின் வண்டியாகத் தொடங்கிய அது, பின்னாளில் திருமண ஊர்வலங்களிலும் தேர்தல் பிரசாரங்களிலும் அந்தஸ்தின் அடையாளமாயிற்று.

1985-இல் அறிமுகமாகி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விற்பனையில் இருந்த மாருதி ஜிப்ஸி, மலைப்பகுதிகளின் வாகனமாகவும் ராணுவத்தின் வாகனமாகவும் திகழ்ந்தது. நான்கு சக்கரங்களிலும் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் கொண்ட அதனை உயர்த்துவது எளிது. அச்சுக்குக் கீழே இருக்கும் பட்டைகளை அச்சுக்கு மேலே ஏற்றிப் பூட்டினால் ஐந்து அங்குலம் வரைகூட ஒரேயடியாக உயர்த்திவிடலாம்.

2020 அக்டோபரில் இரண்டாம் தலைமுறை மஹிந்திரா தார் விற்பனைக்கு வந்ததும் நிலைமை மாறியது. அதுவரை ஒரு சிறு வட்டத்தின் ஆர்வமாக இருந்தது நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் மோகமாக விரிந்தது. 2021-இல் புதிய ஃபோர்ஸ் கூர்க்காவும் 2023 ஜூனில் ஐந்து கதவு மாருதி ஜிம்னியும் வந்தன. வாங்குவோர் பெருகப் பெருக உயர்த்துவோரும் பெருகினர்.

உயரம் எங்கிருந்து வருகிறது?

இப் பிரச்சினையில் சட்டம் பேசுவோர் பலர் இயந்திரத்தை அறிவதில்லை. இயந்திரம் அறிந்தோர் பலர் சட்டத்தைப் பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது அச்சத்துக்குரியது, எது அனுமதிக்கத் தக்கது என்பது புலப்படும்.

ஸ்பிரிங்கை மாற்றி வாகனத்தை 50 மி.மீ. உயர்த்தினால் தரைக்கும் வாகனத்துக்கும் இடையிலான குறைந்தபட்ச இடைவெளியும் 50 மி.மீ. கூடிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. இரு சக்கரங்களையும் இணைக்கும் திடமான அச்சு கொண்ட வாகனத்தில் இது உண்மையல்ல. ஸ்பிரிங் உயர்த்துவது உடலையும் சட்டகத்தையும் மட்டுமே. பாறையில் முதலில் இடிப்பது அச்சின் நடுவே பருத்துத் தொங்கும் டிஃபரன்ஷியல் உருளை. அதனை உயர்த்த ஒரே வழி பெரிய டயர்.

அதிலும் டயரின் விட்டம் கூடுவதில் பாதி மட்டுமே அச்சுக்குக் கிடைக்கும். தாரின் உயர் வகைகளில் வரும் 255/65 ஆர்18 டயரின் விட்டம் ஏறத்தாழ 789 மி.மீ. பலர் விரும்பிப் போடும் 285/65 ஆர்18 டயரின் விட்டம் 828 மி.மீ. வேறுபாடு 39 மி.மீ.; அச்சு உயர்வது 20 மி.மீ.க்கும் சற்றுக் குறைவே. இந்த 20 மி.மீ.க்காகவே மற்ற எல்லா மாற்றங்களும் நிகழ்கின்றன. அகலத்தில் 30 மி.மீ. கூடிய அந்த டயர் சக்கர வளைவுக்குள் இடிக்காமல் சுழல இடம் வேண்டும்; அந்த இடத்துக்காகவே உடல் உயர்த்தப்படுகிறது.

நிற்கும்போது இருக்கும் இடைவெளி

பெரும்பாலான பட்டறைகள் தவறும் இடம் இதுதான். சமதளத்தில் நிற்கும் வாகனத்தில் டயருக்கும் சக்கர வளைவுக்கும் இடையே நான்கு விரல் நுழைகிறது என்றால் வேலை முடிந்ததாகக் கருதப்படுகிறது. ஆனால் டயர் இடிப்பது நிற்கும்போதல்ல. ஒரு சக்கரம் பாறைமேல் ஏறி முழுவதும் மேலே தள்ளப்படும்போது, ஸ்டீயரிங் ஒரு பக்கம் முழுமையாகத் திருப்பப்பட்டிருக்கும்போதுதான் இடிக்கிறது.

சக்கரம் எவ்வளவு தூரம் மேலே ஏறலாம் என்பதைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்கின் உயரம் அல்ல. சட்டகத்தில் பொருத்தப்பட்டுள்ள 'பம்ப் ஸ்டாப்' எனும் ரப்பர்த் தடுப்பு. ஸ்பிரிங்கை உயர்த்திவிட்டு இந்தத் தடுப்பை இருந்த இடத்திலேயே விட்டால், முழு அழுத்தத்தில் அச்சு பழைய இடத்துக்கே வந்து சேரும். அங்கே இப்போது இருப்பது பழைய டயர் அல்ல, அதைவிடப் பெரிய டயர். அது வளைவின் தகட்டையோ, உள்ளே செல்லும் வயர்களையோ, பிரேக் குழாயையோ உரசும். மலைச்சரிவில் முன் டயர் இவ்வாறு சிக்கினால் ஸ்டீயரிங் திரும்பாமலே போகலாம்.

ஆகவே, தடுப்பின் கீழ் அதிகப்படி கட்டை வைத்துச் சக்கரத்தின் மேல்நோக்கிய ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். ஷாக் அப்சர்பரின் நீளமும் அதற்கு இசைய வேண்டும். அது நீளம் போதாமல் இருந்தால் சக்கரம் கீழே தொங்கும்போது அதுவே எல்லையாகி முறியும். நீளம் மிகுந்தால் தடுப்பைத் தொடுவதற்கு முன்பே அடிமுட்டி உடையும். தொழில் தெரிந்த மெக்கானிக்குகள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் அச்சைத் தடுப்பு வரை தூக்கி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பிப் பார்த்த பிறகே டயரின் அளவை முடிவு செய்வர். இதற்கு ஒரு நாள் பிடிக்கும். கடைவீதிகளில் இரண்டு மணி நேரத்தில் வேலை முடித்துத் தருவதாகச் சொல்லும் போட்டி நிலவும்போது இந்த ஒரு நாள்தான் முதலில் பறிபோகிறது.

கோணம் மாறினால் குணம் மாறும்

உயர்த்துவதன் விளைவு டயரோடு நிற்பதில்லை. ஜிம்னி போன்று முன்னும் பின்னும் திட அச்சு கொண்ட வாகனத்தை உயர்த்தும்போது, அச்சைத் தாங்கும் கைகளின் கோணம் மாறி, சக்கரத்தைத் தானாக நேர்ப்படுத்தும் 'காஸ்டர்' கோணம் குறைகிறது. நெடுஞ்சாலையில் வாகனம் ஒரு நேர்க்கோட்டில் செல்லாமல் அலைகிறது. அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் தண்டின் கோணம் மாறுவதால் அச்சே ஒரு புறம் நகர்கிறது. முன்புறத்தில் தனித்தனி சஸ்பென்ஷன் கொண்ட தாரில், சக்கரத்துக்கு விசை கொண்டு செல்லும் தண்டுகளின் மூட்டுகள் எந்நேரமும் கூடுதல் கோணத்தில் சுழல்கின்றன. அவற்றின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மூட்டே தேய்ந்துபோகிறது. ஸ்பிரிங்கின் தலையில் ஒரு வட்டக் கட்டையை வைத்து உயர்த்தும் மலிவான முறையில் இவற்றில் எதுவும் சரி செய்யப்படுவதில்லை.

வேகமானியும் பொய் சொல்லத் தொடங்குகிறது. 789 மி.மீ. டயருக்கென அமைக்கப்பட்ட வேகமானி, 828 மி.மீ. டயரோடு மணிக்கு 80 கி.மீ. என்று காட்டும்போது உண்மை வேகம் 84 கி.மீ. கனத்த டயரைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் விசை தேவைப்படுகிறது. பிரேக்கோ பழைய பிரேக்தான். முகப்பு விளக்குகள் மேலே ஏறி, எதிரே வரும் இரு சக்கர வாகன ஓட்டியின் கண்ணுக்கு நேராக ஒளி பாய்ச்சுகின்றன.

எல்லாவற்றிலும் முக்கியமானது கவிழும் அபாயம். இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணைக் கொண்டு வாகனத்தின் நிலைத்தன்மையைப் பொறியாளர்கள் மதிப்பிடுவர். எண் குறையக் குறைய, குறைந்த பக்கவாட்டு விசையிலேயே வாகனம் கவிழும். எடுத்துக்காட்டாக, 1,520 மி.மீ. அகலமும் 700 மி.மீ. மைய உயரமும் கொண்ட வாகனத்துக்கு இந்த எண் 1.09. அதன் மையம் 60 மி.மீ. உயர்ந்தால் எண் 1.00 ஆகிறது. கரடுமுரடான பாதையில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து செல்பவருக்கு இது பெரிதல்ல. ஆனால் அந்தப் பாதையைச் சென்றடைய நூற்றுக்கணக்கான கிலோ மீட்டர் நெடுஞ்சாலையில் பயணிக்க வேண்டியிருக்கிறது. குறுக்கே வரும் மாட்டைத் தவிர்க்க ஸ்டீயரிங்கைச் சட்டெனத் திருப்பும் அந்த நொடியில்தான் இந்தப் பின்ன வேறுபாடு உயிருக்கு விலையாகிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு.

திறந்திருந்த கதவு மூடிய கதை

இந்தப் பின்னணியில் சட்டத்தின் வரலாறு கவனிக்கத் தக்கது. 1988-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, மாற்றங்களை முற்றாகத் தடை செய்யவில்லை. பதிவு அதிகாரிக்கு முன்கூட்டியே தெரிவித்து, அவரது ஒப்புதலைப் பெற்று மாற்றம் செய்துகொள்ளலாம் என்றே கூறியது.

2000-ஆம் ஆண்டின் திருத்தம் இந்த அணுகுமுறையைத் தலைகீழாக்கியது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக் கூடாது என்பது சட்டமாயிற்று. எரிவாயு, மின்கலம் போன்ற மாற்று எரிசக்திக்கு மாறுவதற்கு மட்டும் விதிவிலக்கு அளிக்கப்பட்டது. வாகனத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றும் வகையில் அதன் கட்டமைப்பில் செய்யப்படும் மாற்றமே 'மாற்றம்' எனப்படும் என்ற விளக்கமும் சேர்க்கப்பட்டது. எது அடிப்படைத் தன்மை என்ற கேள்வி அப்போதே எழுந்து, இன்றுவரை வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களின் மேஜைகளில் கிடக்கிறது. ஸ்பிரிங்கின் உயரம் பதிவுச் சான்றிதழில் இடம்பெறுவதில்லை. சோதனைச் சாவடியில் நிறுத்தும் அதிகாரி எதைக் கொண்டு அளப்பார் என்பதற்கும் விடை இல்லை.

கேரளத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில் 2019 ஜனவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நிலைமையை மேலும் இறுக்கியது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் அடங்கிய அமர்வு, கேரள உயர் நீதிமன்றத்தின் முடிவை ரத்து செய்து, தயாரிப்பாளரின் மூல விவரக் குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்ற இயலாது என்றும், மாநில விதிகள் 52-வது பிரிவுக்கு உட்பட்டவையே என்றும் தெளிவுபடுத்தியது. தயாரிப்பாளரின் மாதிரி வாகனம் சோதனைக்கு உட்படுத்தப்பட்டே சான்று பெறுகிறது. அந்தச் சான்றின் பொருளை உரிமையாளர் பிற்பாடு அழித்துவிடக் கூடாது என்பதே சட்டத்தின் நோக்கம்.

நாடாளுமன்றத்தில் எழாத கேள்வி

அதே ஆண்டில் நாடாளுமன்றமும் இப் பொருளுக்குத் திரும்பியது. 2016-இல் அறிமுகமாகி, 2017 ஏப்ரலில் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையின் தேர்வுக் குழுவையும் கடந்து, பின் மக்களவையின் பதவிக்காலத்தோடு காலாவதியான மசோதா, 2019 ஜூலையில் புதிய வடிவில் வந்தது. ஜூலை 23-இல் மக்களவையும், ஜூலை 31-இல் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தன. திருத்தங்களுக்காக மீண்டும் மக்களவைக்கு வந்து, ஆகஸ்ட் 9-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது.

அந்த விவாதங்களின் பெரும்பகுதி, மாநிலங்களின் அதிகாரம் பறிபோகிறதா என்பதையும், பன்மடங்கு உயர்ந்த அபராதங்களையும் சுற்றியே நிகழ்ந்தது. அது இயல்பே. ஆனால் அந்தச் சட்டத்தில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு வாசகம் உண்டு. மோட்டார் வாகனங்களில் செய்யப்படும் மாற்றங்களுக்கான விவரக் குறிப்புகள், ஒப்புதல் நிபந்தனைகள் ஆகியவற்றை வகுக்க மத்திய அரசுக்கு அது அதிகாரம் வழங்குகிறது. அவ்வாறு முறைப்படி செய்யப்படும் மாற்றத்தைக் காரணம் காட்டித் தயாரிப்பாளர் அளித்த உத்தரவாதம் செல்லாததாகக் கருதப்படாது என்றும் கூறுகிறது.

அதாவது, ஒரே சட்டம் ஒரு கையில் தண்டனையையும் மறு கையில் அனுமதிக்கான திறவுகோலையும் வைத்திருக்கிறது. தண்டனைகளை உயர்த்தும் பிரிவுகளில் பெரும்பாலானவை 2019 செப்டம்பர் 1 முதலே நடைமுறைக்கு வந்துவிட்டன. திறவுகோலோ சில பூட்டுகளுக்கு மட்டுமே பயன்பட்டுள்ளது. எரிவாயுத் தொகுப்புக்கு விதி உண்டு, 2022-இல் பி.எஸ்.-6 வாகனங்களுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. மின்சார மோட்டாருக்கு மாற்றும் தொகுப்புக்குத் தர நிர்ணயம் உண்டு. மாற்றுத் திறனாளிகளின் தேவைக்கேற்ப வாகனத்தை மாற்றவும் வழி உண்டு. சஸ்பென்ஷனை உயர்த்தும் தொகுப்புக்கும், அதற்கு இணையான டயர் அளவுக்கும் அப்படியொரு பாதை இல்லை.

சோதித்துச் சான்றளிக்க அமைப்புகள் இல்லாமலும் இல்லை. புணேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐகேட், சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையம் எனப் பல கூடங்களில் வாகனங்களும் பாகங்களும் சோதிக்கப்படுகின்றன.

பிற நாடுகளில் இந்தச் சிக்கலுக்கு அளவுகோலே தீர்வாக அமைந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து போன்ற மாநிலங்களில், சஸ்பென்ஷனில் 50 மி.மீ., டயரில் 25 மி.மீ. என மொத்தம் 75 மி.மீ. வரையிலான உயர்வு நிபந்தனைகளுடன் ஏற்கப்படுகிறது. அதற்கு மேல் போனால் அங்கீகரிக்கப்பட்டவரின் சான்று தேவை. ஜெர்மனியில் சோதனை அமைப்பின் அறிக்கையோடு வரும் பாகத்தைப் பொருத்தி, பரிசோதனைக்கு உட்படுத்தி, வாகன ஆவணத்தில் பதிந்துகொள்ளலாம். அங்கே சட்டம் கேட்பது, 'மாற்றினாயா?' என்பதல்ல; 'எவ்வளவு மாற்றினாய், யார் சோதித்தார்?' என்பதே.

சுமப்பவர் யார்?

அனுமதி இல்லாத இடத்தில் கண்காணிப்பும் இல்லாமல் போகிறது என்பதே இதன் அடிப்படைச் சோகம். பம்ப் ஸ்டாப்பையும் காஸ்டர் கோணத்தையும் சரி செய்து ஒரு நாள் முழுதும் உழைக்கும் மெக்கானிக்கும், வட்டக் கட்டையைச் செருகி இரண்டு மணி நேரத்தில் அனுப்பும் மெக்கானிக்கும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே. முன்னவருக்குத் தம் வேலையைச் சான்றோடு விற்க வழியில்லை. பின்னவரைத் தடுக்க எவரும் இல்லை. அபராதம் இருவரையும் அல்ல, பெரும்பாலும் வாகன உரிமையாளரையே சேர்கிறது.

காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்படக் காரணமாகலாம். உயர்த்தப்பட்ட வாகனத்தை இரண்டாம் கையாக வாங்குபவர், முந்தைய உரிமையாளர் எதை மாற்றினார் என்பதை ஆவணத்தில் காண முடியாது. வாகனம் தகுதியாகப் பூட்டப்பட்டதா என்பதை அறியாமலேயே குடும்பத்தோடு மலையேறுகிறார்.

சாகசத்தை விளம்பரமாக்கும் போக்கும் இதில் சேர்ந்துகொள்கிறது. 2023 டிசம்பரில் லாஹூலில் சந்திரா நதிக்குள் தார் ஒன்று ஓட்டிச் செல்லப்பட்ட காட்சி நாடெங்கும் பரவி, போலீஸார் அபராதம் விதித்தனர். இத்தகைய காட்சிகள், உயர்த்தப்பட்ட வாகனம் அனைத்தும் பொறுப்பின்மையின் சின்னம் என்ற எண்ணத்தை வலுப்படுத்துகின்றன. ஆனால் மழைக்காலத்தில் சரிந்த பாதையில் நோயாளியை ஏற்றி வரும் மலைக்கிராமத்து ஓட்டுநருக்கும், வனக் காவலருக்கும், 2014 முதல் கோவாவில் நடந்துவரும் மழைக்காட்டுப் போட்டியில் பங்கேற்பவருக்கும் அச்சுக்கு அடியில் கிடைக்கும் 20 மி.மீ. ஆடம்பரம் அல்ல.

முழுத் தடையை நாடாளுமன்றம் விரும்பியிருந்தால், 2019 சட்டத்தில் மாற்றங்களுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை எழுதியிருக்க வேண்டியதில்லை. எழுதிய அதிகாரத்தைப் பயன்படுத்தி, எத்தனை மி.மீ. வரை, எந்த டயர் வரை, யாருடைய சான்றோடு என்பதை அமைச்சகம் வரையறுத்தால், எல்லை மீறுவோரைத் தண்டிப்பதற்கும் அப்போதுதான் உறுதியான அளவுகோல் கிடைக்கும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை; ஓர் அறிவிக்கை போதும். அதுவரை மாயாபுரியில் ஸ்பிரிங்குகள் மாறிக்கொண்டேயிருக்கும். அவை சரியாக மாறினவா என்பதை, பாதையில் வரும் முதல் பாறைதான் சோதித்துச் சொல்லும்.